ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

மேலூர் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் மூன்று வருடமாக எல்கேஜி எடுக்கிறேன். பி.ஏ. தமிழ் படித்தவள். சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நான்கு வயதுப் பையனைப் பக்கம் பக்கமாக எழுத வைக்க வேண்டியிருக்கிறது, பென்சிலைப் பிடித்ததுமே அழுகிறான். மதுரையில் ஓர் இடத்தில் ஆறு மாத மாண்டிசோரி பயிற்சி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு, 35 ஆயிரம் ரூபாய். என் சம்பளம் ஒன்பதாயிரம். வீட்டில் "எல்கேஜி டீச்சருக்கு எதுக்கு இன்னொரு படிப்பு" என்கிறார்கள். சேரட்டுமா?

ம., மேலூர்

அன்புள்ள ம.,

படிப்பு கட்டாயம் வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை புரியவில்லை என்றால் வாயைத் திறந்து கேட்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அழ மட்டும்தான் தெரியும். அந்த அழுகைக்கு அர்த்தம் தெரிந்தவர்தான் அந்த வகுப்பில் நிற்க வேண்டும்.

என் அம்மா எழுமலைப் பக்கம் பால்வாடி டீச்சராக இருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குப் பயிற்சி கொடுத்த பெரியம்மா ஒருவர், "இன்னைக்கு ஒரு பிள்ளையை மட்டும் பாரு, பேசாதே, பார்த்ததை எழுது" என்று உட்கார வைத்துவிட்டாராம். ஒரு பையன் இரண்டு டம்ளர்களில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தான். அம்மா "விளையாடினான்" என்று ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தார். தாளைத் திருப்பிக் கொடுத்து மறுநாளும் உட்காரச் சொல்லிவிட்டார் அந்தப் பெரியம்மா. மூன்றாம் நாள் இரண்டு பக்கம் வந்தது: எந்தக் கையால் ஊற்றினான், எந்த விரல் வழுக்கியது, சிந்தியதைத் தன் சட்டையாலேயே எப்படித் துடைத்தான் என்று. அப்புறம் கடைசி வரைக்கும் எந்தப் பிள்ளையின் கையிலும் அவசரப்பட்டுப் பலப்பத்தைத் திணித்ததில்லை அம்மா. ஒரு தட்டில் புளியங்கொட்டை, பக்கத்தில் ஒரு கிண்ணம். இரண்டு விரலால் ஒவ்வொன்றாக எடுத்துப் போடவேண்டும். விரல் அதற்குப் பழகிய பிறகுதான் எழுத்து. உங்கள் பையன் அழுவது எழுதப் பிடிக்காமல் இல்லை, விரல் இன்னும் தயாராகவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த 35 ஆயிரத்துக்கு வருகிறேன். இந்த முறையை உருவாக்கிய இத்தாலிக்காரர் மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர். போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். அன்றைக்கு அது நம் மதுரை மாவட்டம்தான். அங்கேயும் குழந்தைகளை வைத்துக்கொண்டுதான் ஆசிரியர்களைப் பழக்கினார். குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் அவர் முறைக்கே அடிப்படை. ஞாயிற்றுக்கிழமை எந்தக் குழந்தை பள்ளிக்கு வரும்? குழந்தை இல்லாத அறையில் மரக்கட்டைகளை அடுக்கிக் காட்டினால் கட்டை அடுக்கத்தான் தெரிந்துகொள்வீர்கள். மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். அதனால் பணம் கட்டும் முன் கேளுங்கள்: பிள்ளைகளோடு எத்தனை நாள் இருக்க விடுவீர்கள், நான் பாடம் எடுப்பதை யார் வந்து பார்ப்பார்கள்? சரியான பதில் வராவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் குழந்தைப் பருவ முன்கல்வி டிப்ளமோ ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும், குறைந்தது ஓராண்டு, செயல்முறை வேலையும் உண்டு. அவர்களின் மண்டல மையம் மதுரையிலேயே இருக்கிறது, போய் விசாரியுங்கள். அரசின் தீக்ஷா இணையதளத்தில் முன்பருவக் கல்விப் பாடங்கள் இலவசம், போனிலேயே பார்க்கலாம்.

இன்னொன்று, உங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சரிடம் போய்ப் பேசுங்கள். நர்சரிக்காரர்கள் அந்தப் படியை மிதிப்பதே இல்லை, எனக்கு அதில் நிறைய வருத்தம். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று அங்கன்வாடிகளுக்காக நம் மாநிலம் தயாரித்த பாடத்திட்டம் அவர்களிடம் இருக்கும். அங்கன்வாடிப் பணியாளர்களில் பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஓராண்டு டிப்ளமோ என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையில் எழுதியாவது வைத்தார்கள். உங்களைப் போலத் தனியார் பள்ளியில் இருப்பவர்கள் கைக்காசு போட்டுத்தான் கற்கவேண்டியிருக்கிறது. இது மாறவேண்டும் என்று நாமும் சத்தமாகக் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும், அழுகிற அந்தப் பையனைத் தினம் பத்து நிமிடம் பாருங்கள். ஒரு வாரம் பார்த்ததை எழுதி எனக்கு அனுப்புங்கள். "விளையாடினான்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா