உப்புவெளியில் இருந்துகொண்டு லண்டனில் கம்பனிக் கணக்கு

வணக்கம் தம்பி. உப்புவெளியில் இருந்து இணையத்தள வடிவமைப்பு செய்கிறீர்கள், லண்டனில் லிமிட்டட் கம்பனி பதிந்தும் அங்குள்ள வங்கி கணக்குத் திறக்க மறுத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள்.

இயக்குநர் அந்த நாட்டில் வசிக்க வேண்டும் என்று பிரித்தானியக் கம்பனிச் சட்டம் கேட்பதில்லை. வங்கிகள் பெரும்பாலும் கேட்கின்றன. பணச்சலவைத் தடுப்பு விதிகளால், உரிமையாளர் யார், காசு எங்கிருந்து வருகிறது, கணக்கு ஏன் அங்கே வேண்டும் என்று அவர்கள் பார்த்தாக வேண்டும். வாடகைத் தபால் முகவரி அதற்குப் போதாது. வாடிக்கையாளரோடு செய்த ஒப்பந்தம், பழைய இன்வொய்ஸ்கள் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். வதிவிடச் சான்றுதான் நம் ஆட்களுக்குப் பெரிய தலையிடி, ஏனென்றால் கரண்ட் பில் அனேகமாக அப்பாவின் பெயரில் இருக்கும். உங்கள் பெயரில் வங்கிக் கூற்றை ஆங்கிலத்தில் எடுங்கள். வெளிநாட்டவர் இணையவழி கம்பனி நடத்த எஸ்தோனியா நாடு கொடுக்கும் மின்வதிவு (e-Residency) அட்டையும் வங்கிக் கணக்குக்கு உத்தரவாதம் தராது.

சரி, என்னைக் கேட்டால் முதலில் திருகோணமலையிலேயே உங்கள் வங்கிக் கிளையில் வணிக வெளிநாட்டு நாணயக் கணக்குப் பற்றிக் கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அதற்கு இடமிருக்கிறது. உங்கள் சொந்தப் பெயரில் இன்வொய்ஸ் அனுப்பினால் பவுண்டிலேயே பெறலாம்.

அப்புறம், இங்கிருந்து அந்த லண்டன் கம்பனிக்கு மூலதனம் அனுப்புவதென்றால் வெளிமுக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டில் முதலிடுவதற்கென வங்கியில் திறக்கும் கணக்கு) வழியாகத்தான் அனுப்ப வேண்டும். கம்பனி சும்மா கிடந்தாலும் வருடாந்தக் கணக்கறிக்கை கொடுக்க வேண்டும், பிந்தினால் தண்டப்பணம். தேவையில்லை என்று முடிவெடுத்தால் இப்போதே பதிவிலிருந்து நீக்க விண்ணப்பியுங்கள்.