கால்வாய்க் கரை வீடும் எண்ணெய் மில் கொட்டகையும்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி, தாத்தா 1938-ல் கிரயம் வாங்கிய மெட்ராஸ் டெரஸ் வீடு எங்களுடையது. பின்னால் அவர் நடத்திய எண்ணெய் மில்லின் கொட்டகையும் குடோனும் இருக்கின்றன. வீட்டுக்குப் பட்டா உண்டு. கொட்டகை இருப்பது கால்வாய்ப் புறம்போக்கு என்று 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-வது பிரிவில் நோட்டீஸ் வந்துள்ளது. இத்தனை வருட அனுபவம் செல்லாதா?

பதில்: 7-வது பிரிவு நோட்டீஸ் என்பது விளக்கம் கேட்பதுதான், இடிக்கும் உத்தரவு இல்லை. ஆனால் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிலில் 'காலங்காலமாக அனுபவிக்கிறோம்' என்பதை முதல் வாதமாக வைக்காதீர்கள். அரசு நிலத்தில் எதிரிடை அனுபவத்துக்கு (அடுத்தவர் இடத்தை நீண்ட காலம் அனுபவித்ததை வைத்து உரிமை கோருவதற்கு) 30 வருடம் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் அப்படிக் கேட்டால், இடம் அரசுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதுவும் நீர்நிலை என்றால் கோர்ட்டுகள் கொஞ்சமும் இளகுவதில்லை. 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் குளத்து ஆக்கிரமிப்பைப் பல வருடப் பழக்கத்தைக் காட்டி முறைப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டது.

உங்கள் பலம் அந்த 1938 பத்திரம்தான். நான்கெல்லையைப் படியுங்கள். 'சர்க்கார் கால்வாய்க்குக் கிழக்கு' என்று இருக்கிறதா, 'கால்வாய்க் கரைக்குக் கிழக்கு' என்று இருக்கிறதா? ஒரு சொல்தான், ஆனால் கரையும் அரசுடையது. 'கரைக்கு' என்றிருந்தால் உங்கள் இடம் அதற்கு முன்பே முடிந்துவிடும். அப்புறம் நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் வரைபடமும் வாங்கி, தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். படகில் சரக்கு இறக்கிய படித்துறைக்குத் தாத்தா பொதுப்பணித்துறைக்குக் கட்டணம் கட்டிய ரசீது கிடைத்தால், அதைச் சொத்துரிமைக்கு ஆதாரமாக நீட்டாதீர்கள். படித்துறை அரசு இடம் என்றுதான் அது காட்டும்.

பத்திரம் கொட்டகையையும் தழுவினால் தைரியமாக இருங்கள். உரிமையில் உண்மையான தகராறு இருந்தால் முழு வழக்கு விசாரணை இல்லாத இந்தச் சுருக்கமான நடவடிக்கையில் வெளியேற்றக் கூடாது, அரசு சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்று தும்மல கிருஷ்ண ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-ல் தீர்ப்பளித்தது. ஆந்திராவில் இருந்த இதே 1905 சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு அது. நீங்களே வழக்குப் போடுவதானால் அரசுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவில் 2 மாத நோட்டீஸ் தேவை. அவசரமென்றால் கோர்ட் அனுமதியோடு உடனே தாக்கல் செய்யலாம்.

பழமையான வீடு என்பதால் மட்டும் பாதுகாப்பு வராது. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால்தான் உண்டு. அளவையில் கொட்டகை புறம்போக்கில் விழுந்தால், அதற்காக வீட்டைச் சண்டைக்கு இழுக்காதீர்கள். வீட்டுப் பட்டாவைத் தனியாகக் காட்டி, கொட்டகைக்கு மட்டும் அவகாசம் கேளுங்கள். செக்கையும் தேக்கு உத்திரங்களையும் அதற்குள் பத்திரமாக எடுத்துவிடலாம்.