இசிஎன்எல் அணிக்கு வருடம் 12,000 டாலர் கட்டலாமா?

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “என் மகள் 2011 நவம்பரில் பிறந்தவள். வரும் செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். ஊர்க் கால்பந்துக் கிளப்பில் மிட்ஃபீல்ட் ஆடுகிறாள். வருடக் கட்டணம் 2,600 டாலர். ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பெரிய கிளப் ஒன்று, இசிஎன்எல் என்ற தேசிய அளவிலான இளையோர் லீக்கில் ஆடும் தன் அணியில் இடம் தருவதாகச் சொல்கிறது. அங்கே 4,800 டாலர், பயணச் செலவு தனி. காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு இதுதான் வழி என்கிறார்கள். அவள் அப்பா அந்தப் பணத்தைக் காலேஜ் செலவுக்கான 529 சேமிப்புக் கணக்கில் போடலாம் என்கிறார். இதற்கிடையே ஒரு நிறுவனம், 3,000 டாலர் கட்டினால் காலேஜ் கோச்சுகளிடம் அறிமுகம் செய்துவைப்பதாக அடிக்கடி போன் செய்கிறது. இதுவரை எந்தக் கோச்சும் எங்களிடம் பேசவில்லை. தாமதமாகிவிட்டதா?”

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தப் பயம்தான் மற்ற முடிவுகளையும் அவசரப்படுத்துகிறது. தாமதம் ஆகவில்லை. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவாக வைத்திருக்கிறது, முதல் பிரிவுதான் மேல்மட்டம். அதன் விதிப்படி முதல் பிரிவுக் கல்லூரிக் கோச் ஒருவர், மாணவி பத்தாம் வகுப்பை முடித்த வருடத்தின் ஜூன் 15 வரை அவளுக்குப் போன் செய்யவோ, ஆட்சேர்ப்பு பற்றி மெயில் எழுதவோ கூடாது. உங்கள் மகளுக்கு அந்த நாள் 2028 ஜூன் 15. கல்லூரிக்கு நேரில் போய்க் கோச்சைச் சந்திப்பது அதே வருடம் ஆகஸ்ட் 1-லிருந்து. இந்த விதி 2019-இல் வந்தது. அதற்கு முன்பு எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே வாய்மொழியாக இடம் உறுதி செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்துப் பெற்றோர் சொல்லும் கதைகள்தான் மைதான ஓரத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கோச் பேசாததால் பார்க்கவே இல்லை என்று நினைக்க வேண்டாம். அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கலாம், உங்கள் மகள் அனுப்பும் மெயிலைப் படிக்கலாம், தங்கள் கல்லூரியில் நடத்தும் கட்டணப் பயிற்சி கேம்ப்புக்கு விளம்பரம் அனுப்பலாம். பதில் எழுதுவதற்குத்தான் தடை.

இனி பணம். 4,800 என்பது நுழைவுச் சீட்டின் விலை மட்டுமே. சீருடை, பை, ஜாக்கெட் என்று சில நூறு டாலர் சேரும். அப்புறம் ஷோகேஸ் பயணங்கள், அதாவது காலேஜ் கோச்சுகள் பார்க்க வரும் போட்டிகளுக்கான பயணங்கள். மகளும் பெற்றோரில் ஒருவரும் விமானத்தில் போய், மூன்று இரவு ஹோட்டலில் தங்கி, வாடகைக் கார் எடுத்துச் சாப்பிட்டு வந்தால் ஒரு பயணத்துக்கு 1,700 டாலர் அளவில் ஆகும். பல போட்டிகளில், ஏற்பாட்டாளர் குறிப்பிடும் ஹோட்டலில்தான் தங்கவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு, மலிவான இடம் தேட முடியாது. வருடம் நான்கு பயணம் என்று வைத்தாலே மொத்தம் 12,000-ஐத் தொட்டுவிடும். இப்போதைய கிளப்பில் எல்லாம் சேர்த்து 4,000 ஆகிறது என்று கொண்டால், வித்தியாசம் வருடத்துக்கு 8,000, நான்கு வருடத்துக்கு 32,000. இது போக, வாரத்தில் மூன்று நான்கு மாலைகள் போக வர இரண்டு மணி நேரம் காரில்.

இந்த 32,000 டாலர் ஸ்காலர்ஷிப்பாகத் திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிக நல்ல ஆட்டக்காரிகளுக்குக்கூட அந்தக் கணக்கு பெரும்பாலும் நேராவதில்லை. பள்ளி அளவில் கால்பந்து ஆடும் பெண்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே என்சிஏஏ அணி எதிலாவது ஆடுகிறார்கள். முதல் பிரிவுக்குப் போவோர் அதிலும் ஒரு சிறு பங்கு. சமீபகாலம் வரை முதல் பிரிவுப் பெண்கள் அணி ஒன்றுக்கு 14 முழு ஸ்காலர்ஷிப்புக்கான பணம்தான் உச்சவரம்பு. அதைத்தான் கோச் முப்பது பேர் வரை பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார். ஒருத்திக்குக் கால்பங்கு, இன்னொருத்திக்குப் புத்தகச் செலவு, பலருக்கு ஒன்றுமே இல்லை.

கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏ மீது போடப்பட்ட ஹவுஸ் வழக்கில், 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கை இதை மாற்றியது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு இல்லை. பதிலுக்கு அணியில் 28 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. இதைக் கேட்டுப் பல பெற்றோர் இனி 28 பேருக்கும் முழுப் பணம் என்று மகிழ்ந்துபோனார்கள். கொடுக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது. அப்படிக் கொடுக்கும் பணபலம் ஒரு சில பெரிய கல்லூரிகளுக்குத்தான் உண்டு. மறுபக்கம், முப்பதுக்கு மேல் ஆட்களை வைத்திருந்த அணிகளில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேரும் இடங்கள் குறைந்துவிட்டன. வேறு கல்லூரியிலிருந்து மாறிவரும் இருபது, இருபத்தொரு வயதுக்காரிகளோடும் உங்கள் மகள் அதே இடத்துக்குப் போட்டியிட வேண்டும். இரண்டாம் பிரிவில் வரம்பு 9.9 ஸ்காலர்ஷிப். மூன்றாம் பிரிவிலும், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது.

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு மூன்றாம் பிரிவை ஒதுக்கிவிட வேண்டாம். படிப்பிலும் கெட்டியான ஒரு பெண்ணுக்குக் கால்பந்து அதிகம் கைகொடுப்பது இந்தக் கல்லூரிகளில்தான் என்பது என் உறுதியான கருத்து. எம்ஐடி, சிகாகோ, எமரி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், வில்லியம்ஸ், டஃப்ட்ஸ் எல்லாம் மூன்றாம் பிரிவில் ஆடுகின்றன. உங்கள் மாநிலத்திலேயே ஹோபோக்கனில் ஸ்டீவன்ஸ் இருக்கிறது, யூவிங்கில் தி காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி இருக்கிறது. பின்னது பெண்கள் கால்பந்தில் தேசியப் பட்டங்கள் வென்ற அரசுக் கல்லூரி. இங்கே கோச் கொடுப்பது பணமல்ல, அட்மிஷன் அலுவலகத்தில் ஒரு ஆதரவுச் சொல். பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் உங்கள் மகளின் மதிப்பெண்களைக் கோச் அந்த அலுவலகத்திடம் காட்டி, இவளுக்கு இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்பார். இதற்கு ப்ரீ-ரீட் என்று பெயர். அந்த ஆதரவின் எடை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எம்ஐடி போன்ற இடத்தில் கோச்சால் செய்யக்கூடியது குறைவு, சில சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் அதிகம்.

பணமும் அங்கே வேறு வாசல் வழியாக வரும். எம்ஐடியில் வருட வருமானம் 2,00,000 டாலருக்குக் குறைவாக, வழக்கமான சொத்துகளோடு இருக்கும் குடும்பங்களுக்கு 2025 முதல் டியூஷன் கட்டணமே இல்லை. ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும், உதவி போக உங்கள் குடும்பம் கட்டவேண்டியதைக் கணக்கிடும் நெட் ப்ரைஸ் கால்குலேட்டர் இருக்கிறது, சட்டப்படி இருந்தாக வேண்டும். இந்த வார இறுதியில் நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து, ஐந்தாறு கல்லூரிகளுக்கு அதில் கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தக் கிளப் என்ற முடிவைவிட அந்த எண்கள் உங்கள் குடும்பத்துக்கு அதிகம் சொல்லும்.

உங்கள் விசா நிலையை நீங்கள் எழுதவில்லை. நம் ஆட்கள் பலருக்கும் பொருந்தும் என்பதால் சொல்லிவிடுகிறேன். மகள் எச்-4 என்ற குடும்பத்தினர் விசாவில் இருந்தால், ஃபாஃப்ஸா விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவி அவளுக்குக் கிடையாது. விளையாட்டு ஸ்காலர்ஷிப்புக்குக் குடியுரிமை தேவையில்லை, அதனால் முதல், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகள் உங்கள் பட்டியலில் இன்னும் கொஞ்சம் மேலே வரலாம். தனியார் கல்லூரிகளில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. எம்ஐடி, பிரின்ஸ்டன் போன்ற சில, எந்த நாட்டுப் பிள்ளையானாலும் குடும்பத்தின் தேவையைப் பார்த்தே உதவுகின்றன. எல்லாக் கல்லூரியும் அப்படி இல்லை.

சரி, இசிஎன்எல் வேண்டாமா? அப்படியும் சொல்லமாட்டேன். 2009-இல் பெண்களுக்காகவே தொடங்கிய லீக் அது. வலுவான எதிரணிகளை அங்கே வாராவாரம் பார்க்கலாம். அதன் ஷோகேஸ்களுக்குக் காலேஜ் கோச்சுகள் கூட்டமாக வருவதும் உண்மை, ஒரே இடத்தில் நூறு ஆட்டக்காரிகளைப் பார்க்க முடிவது அவர்களுக்கு வசதி. 2020-இல் யுஎஸ் சாக்கரின் டெவலப்மென்ட் அகாடமி லீக் மூடப்பட்ட பிறகு உருவான ஜிஏ (கேர்ள்ஸ் அகாடமி) லீக்குக்கும் இது பொருந்தும். முதல் பிரிவின் மேல்மட்டம்தான் இலக்கு என்றால், இந்த இரண்டில் ஒன்றில் ஆடாமல் போவது கடினம். ஆனால் அந்தச் சின்னத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை எந்தக் கோச்சாலும் பார்க்க முடியாது. பெரிய கிளப்பின் அணிப் பட்டியலில் பதினெட்டாவது, இருபதாவது ஆளாகச் சேர்ந்து, கட்டணத்தை முழுதாகக் கட்டி, ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இறங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது. பதினான்கு வயதில் முன்னேற்றம் என்பது பந்தைத் தொடும் நேரத்தில்தான் இருக்கிறது.

உங்கள் மகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. 2026-27 சீசனிலிருந்து வயதுப் பிரிவு பிறந்த வருடத்தை விட்டு ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 என்ற கணக்குக்கு மாறுகிறது. நவம்பரில் பிறந்தவள் இத்தனை நாளும் தன் வகுப்புக்கு ஒரு வருடம் மேலே இருந்த பெண்களோடு ஆடியிருப்பாள். இனி தன் வகுப்புப் பெண்களோடு, அதிலும் மூத்தவர்களில் ஒருத்தியாக ஆடுவாள். எல்லாக் கிளப்பிலும் அணிகள் கலைந்து சேரும் வருடம் இது. உங்களுக்கு வந்த அழைப்பிலும் அதன் பங்கு இருக்கலாம். இந்த மாற்றம் அவளுக்குச் சாதகம், அவசரப்படத் தேவையில்லை. ஊர்க் கிளப்பில் ஒரு வருடம் நடுநாயகமாக ஆடிவிட்டு அடுத்த வசந்தகாலத் தேர்வில் முயன்றாலும், ஜூன் 2028-க்கு ஒரு முழு சீசன் மிச்சம் இருக்கும்.

பறந்துதான் போகவேண்டும் என்றும் இல்லை. பிடிஏ என்ற நியூ ஜெர்சி கிளப் நடத்தும் பெண்கள் காலேஜ் ஷோகேஸ் மே மாதக் கடைசியில் உங்கள் மாநிலத்திலேயே நடக்கிறது. வர்ஜீனியாவின் ரிச்மண்டில் நடக்கும் ஜெஃபர்சன் கப்புக்குக் காரில் போகலாம். இப்படிப்பட்ட இரண்டு போட்டிகளுக்குப் போகும் அணியாக இருந்தால் பல கல்லூரிகளுக்கு அது போதும்.

அந்த 3,000 டாலர் நிறுவனத்துக்குக் கொடுக்காதீர்கள். அவர்கள் செய்வதில் பெரும்பகுதி, உங்கள் மகள் தன் கைப்பட எழுதக்கூடிய மெயிலை மொத்தமாக அனுப்புவதுதான். மொத்தமாக வரும் மெயிலைக் கோச் ஒரு நொடியில் அடையாளம் கண்டுவிடுவார். பெற்றோர் எழுதும் மெயிலையும்தான், ஆகையால் நீங்களும் எழுத வேண்டாம். பொருள் வரியில் பள்ளி முடிக்கும் வருடம் 2030, ஆடும் இடம், கிளப், சட்டை எண், வரவிருக்கும் போட்டி. உள்ளே அந்தக் கல்லூரியை ஏன் நினைக்கிறாள் என்று இரண்டு உண்மையான வரிகள், மதிப்பெண், ஆட்ட நேரமும் மைதான எண்ணும், மூன்று நான்கு நிமிட வீடியோவின் இணைப்பு. வீடியோவில் முதல் முப்பது நொடியிலேயே அவளுடைய சிறந்த ஆட்டம் வந்துவிட வேண்டும், இசை தேவையில்லை. கோல்களை மட்டும் கோக்காமல், மிட்ஃபீல்டர் பந்து வருமுன் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்ப்பதையும், பந்தை இழந்ததும் திரும்பி ஓடுவதையும் சேருங்கள், கோச்சுகள் தேடுவது அதைத்தான். இந்த வேலையைப் பத்தாம் வகுப்பின் தொடக்கத்தில் ஆரம்பித்தால் போதும். மூன்றாம் பிரிவுக் கோச்சுகளுக்கு அந்த ஜூன் 15 தடை இல்லை, அவர்கள் முன்பே பதில் போடலாம்.

கேம்ப் அழைப்புகள் பற்றி ஓர் எச்சரிக்கை. “உங்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறோம்” என்று வரும் மெயில் பெரும்பாலும் ஆயிரம் பேருக்குப் போனது. கேம்ப் என்பது அந்தக் கோச்சுக்கு ஒரு வருமானமும்கூட. அவளுடைய குறிப்பிட்ட ஆட்டத்தையோ வீடியோவையோ பற்றி ஒரு வரியாவது இருக்கும் அழைப்புக்கு மட்டும் பணம் கட்டுங்கள். உள்ளூரில் இருப்பதால் ரட்கர்ஸ் போன்ற ஒரு கேம்புக்கு ஆட்டத்தின் வேகத்தைப் பார்க்கவென்றே ஒருமுறை அனுப்பினால், அது பயனுள்ள செலவு.

முழங்கால் விஷயத்தையும் கிளப்பில் கேளுங்கள். இந்த வயதுப் பெண்களுக்கு ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் கிழிவது பையன்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம், அறுவை சிகிச்சையும் மீட்சியும் ஒன்பது மாதத்துக்கு மேல் பிடிக்கும். ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிட வார்ம்-அப் காயங்களைக் கணிசமாகக் குறைப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதைச் செய்யாத கோச்சிடம் ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

பெரிய கிளப்புக்குப் பதில் சொல்லும் முன், கோச்சிடம் மகளையே பேச வையுங்கள்: அணியில் மொத்தம் எத்தனை பேர், தன் இடத்தில் ஏற்கெனவே யார் யார், தன்னை எங்கே ஆடவைக்க நினைக்கிறார். நீங்கள் கிளப் நிர்வாகியிடம், கடந்த மூன்று வருடத்தில் அணியின் எல்லாப் பெண்களும் எங்கே போனார்கள் என்ற முழுப் பட்டியலைக் கேளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் ஐந்து பேர் பட்டியல் உதவாது. கட்டணச் சலுகை உண்டா, முழங்கால் போனால் மீதிப் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்தப் பதில்கள் திருப்தியாக இருந்து, இரண்டு மணி நேரக் கார் பயணத்தையும் தாண்டி அவளே ஆசைப்பட்டால், குடும்பத்தின் 529 கணக்குக்குப் போகவேண்டிய தொகை தடைபடாத வரை சேர்க்கலாம். அது தடைபடும் என்றால், உங்கள் கணவர் சொல்வதுதான் சரி.