ஆடி முடித்த பிறகு விசில்: இளையோர் கால்பந்துப் பயிற்சி, கேள்வி பதில்

ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைப்பவர்களும், அந்தப் பசங்களின் பெற்றோரும் கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கமிருந்து கேட்டவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

திருப்பூர், லீக் ஆட்டக்காரர்: அண்ணா, 27 ஆச்சு, முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது. கோச் ஆகலாம்னு இருக்கேனுங்க. எதுல ஆரம்பிக்கறது?

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் பயிற்சியாளர் லைசென்ஸ் ஏணி கீழிருந்து மேலே இ, டி, சி, பி, ஏ, புரோ என்று போகும். இ சின்னக் குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களுக்கான அறிமுகம். டி-க்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சி-யிலிருந்து மேலே ஆசியக் கூட்டமைப்பின் பாடத்திட்டம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் களத்தில் வேலை செய்த அனுபவத்தைக் கேட்பார்கள். அதனால் எந்த அணியோடு எந்தத் தேதியில் என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று இன்றிலிருந்தே நோட்டில் எழுதி வையுங்கள். அப்புறம் ஞாபகத்திலிருந்து எழுதினால் பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

டி-யில் பலர் தடுமாறுவது செய்முறையில்தான். ஒரு தலைப்பைக் கொடுத்துக் களத்தில் பயிற்சி நடத்தச் சொல்வார்கள். நன்றாக ஆடியவர் அங்கே தானே பந்தை எடுத்து அழகாகப் பாஸ் போட்டுக் காட்டிவிடுவார். மதிப்பிடுகிறவர் பார்ப்பது அதையல்ல. பசங்க செய்த தப்பு எது, அதை நீங்கள் கண்டீர்களா, சரி செய்ததும் ஆட்டம் மாறியதா என்பதைத்தான்.

ஈரோடு, கல்லூரி மாணவர்: பெரிய பிளேயரா இருந்தாத்தானே கோச்சா மதிப்பாங்க?

முதல் ஒரு வாரம் மதிப்பார்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை நாலாவது இடத்துக்குக் கொண்டுபோன சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியர். 1962 ஆசிய விளையாட்டுத் தங்கமும் அவர் காலத்தில் வந்ததுதான். ஆடிவிட்டு வந்தவர்களில் பிபியானோ பெர்னாண்டஸைப் பாருங்கள். கோவா கிளப்புகளுக்கு ஆடியவர், சீனியர் அணி வேண்டும் என்று காத்திருக்காமல் சிறுவர் அணிக்குப் போனார். அவருடைய 16 வயதுக்குட்பட்ட இந்திய அணி 2018-ல் ஆசியப் போட்டியின் காலிறுதி வரை போய்த் தென்கொரியாவிடம் 0-1 என்று தோற்றது. அதில் ஜெயித்திருந்தால் 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பைக்கே தகுதி. ஆடிய அனுபவத்தால் எந்த இடத்தில் அழுத்தம் வரும் என்று உங்களுக்கு உடம்பிலேயே தெரியும். அதைப் பத்து வயதுப் பையனுக்குப் புரியும்படி உடைத்துச் சொல்வது வேறு வேலை, அதைத் தனியாகத்தான் கற்க வேண்டும்.

கோவை, அகாடமி உதவிப் பயிற்சியாளர்: 16 பசங்க, முக்கால் கிரவுண்டு, 75 நிமிஷம். என்னதான் செய்தாலும் பாதிப் பேர் சும்மா நிக்கறாங்க கோச்.

வரிசை போட்டால் நிற்கத்தான் செய்வார்கள். கணக்குப் போடுங்கள். 16 பேர் ஒரே வரிசை, ஒரு பந்து, ஒரு முறைக்கு 8 விநாடி. 15 நிமிடத்தில் ஒரு பையனுக்கு 7 முறைதான் கிடைக்கும். அதே நேரத்தில் நாலு பேர் கொண்ட நாலு குழுவாகப் பிரித்தால் 28 முறை. திறமை வளராததற்குப் பையனின் புத்தி காரணமா, வரிசை காரணமா என்பதை இதிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பந்து இல்லாவிட்டால் இருவருக்கு ஒன்றாவது வாங்குங்கள். வேறு சாமான் பிறகு.

12 வயதுக்குட்பட்டவர்களுக்கு நான் சொல்லும் அமைப்பு இது. முதல் 15 நிமிடம் ஆளுக்கொரு பந்தோடு ஓட்டம், திரும்பல், நிறுத்தல். அடுத்த 15 நிமிடம் 8 மீட்டர் சதுரத்தில் நாலுக்கு ஒன்று, அதாவது ரோண்டோ: நாலு பேர் சுற்றி நின்று பாஸ் போட, நடுவில் நிற்பவன் பறிக்கப் பார்ப்பான். ஐந்து பேர் கொண்ட இரண்டு சதுரமும் ஆறு பேர் கொண்ட ஒரு சதுரமும் போட்டால் 16 பேரும் வேலையில் இருப்பார்கள். ஆறு பேர் சதுரத்தில் நடுவில் இருவர். பிறகு 20 நிமிடம் 30-க்கு 20 மீட்டரில் நாலுக்கு நாலு, இரண்டு களம். கடைசி 20 நிமிடம் சொந்த ஆட்டம், நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். மிச்சம் தண்ணீர், கூட்டிப் பேசுவது.

ரோண்டோவில் சதுரத்தின் அளவுதான் பயிற்சி. மூணு பாஸுக்குள் பந்து பறிபோகிறதா, பக்கத்துக்கு ஒரு காலடி விரியுங்கள். பத்துப் பாஸுக்கு மேல் அலட்டாமல் போகிறதா, சுருக்குங்கள். பாஸைப் பார்க்காதீர்கள், வாங்குகிறவனின் காலைப் பாருங்கள். பந்து வரும் திசைக்கு நேராக நெஞ்சைக் காட்டி நிற்பவன் கிட்டத்துக் காலால் வாங்குவான், திரும்ப வந்த வழியே தள்ளுவான். உடம்பைப் பாதி திருப்பி எட்டத்துக் காலால் வாங்குபவனுக்கு அடுத்த பாஸ் முன்னாலேயே தெரிந்திருக்கும். இந்த ஒன்றை மட்டும் அந்த வாரம் முழுக்கச் சொல்லுங்கள்.

ஈரோடு, புதிய பயிற்சியாளர்: தப்பு நடக்கும்போதெல்லாம் விசில் ஊதி நிறுத்திச் சொல்லலாமா?

ஒரே தப்பு மூணு முறை வந்தால் நிறுத்துங்கள். "அப்படியே நில்லு" என்று சொல்லி எல்லாரையும் உறைய வைத்து, பந்து இருந்த இடத்தைக் காட்டி, ஒரு கேள்வி கேட்டு, அதே பசங்களை வைத்து அந்தக் காட்சியைத் திரும்ப நடத்தி விடுங்கள். எல்லாம் 30 விநாடிக்குள். இதற்கு மேல் போனால் பசங்க உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், களத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆடிவிட்டு வந்தவர்களுக்கு இதுதான் பெரிய நோய். பசங்களுக்குப் பதிலாகத் தாமே ஆட வாய் துடிக்கும்.

கோபி, தாய்: 13 வயசுப் பையன், முட்டிக்குக் கீழே எலும்புல வீக்கமா வலிக்குதுங்கறான். கோச் ஐஸ் வெச்சு ஓடச் சொல்றாருங்க.

வேகமாக உயரும் வயதில், முட்டிக்குக் கீழே தசைநார் எலும்பில் ஒட்டும் இடத்தில் இழுபட்டு இப்படி வலிக்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று மருத்துவர்கள் சொல்வது இது. குதிகாலில் வந்தால் சீவர். ஓட ஓடச் சரியாகும் என்று நினைப்பது தவறுங்க. குதிப்பதையும் வேகமான நிறுத்தலையும் குறைக்க வேண்டும், பந்தோடு மெதுவான வேலை செய்யலாம், வலி ஏறினால் நிறுத்த வேண்டும். ராத்திரித் தூக்கத்தில் வலி, காய்ச்சல், நொண்டல் இருந்தால் எலும்பு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

பயிற்சியாளருக்கு: மூணு மாதத்துக்கு ஒருமுறை செருப்பில்லாமல், அதே சுவரில், காலை நேரத்தில் பசங்களின் உயரத்தைக் குறித்து வையுங்கள். வளர்ச்சி உச்சத்தில் ஒரு வருடத்தில் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை போகும். அந்தச் சமயத்தில் பந்தை நிறுத்துவதில் தடுமாறுவான், கால் நீளம் மாறியதுதான் காரணம். அணியிலிருந்து கழற்றிவிடும் தப்பான முடிவுகள் பெரும்பாலும் இப்போதுதான் எடுக்கப்படுகின்றன.

14 வயதுக்கு மேல் ஃபிஃபாவின் 11 பிளஸ் வார்ம்-அப்பை வாரம் இருமுறையாவது செய்யுங்கள். 15 பயிற்சிகள், 20 நிமிடம். ஓட்டப் பகுதியை மட்டும் செய்துவிட்டு நடுவில் வரும் 10 நிமிட வலு, சமநிலைப் பகுதியைத் தள்ளிவிடுபவர்கள் பலர். காயத்தைத் தடுப்பதில் அந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு.

பொள்ளாச்சி, உடற்கல்வி ஆசிரியர்: ஆடி மாசத்துக் காத்துல பந்தைத் தூக்கிப் போட்டா பக்கத்துத் தோப்புக்குப் போயிருது. என்ன பண்றது சார்?

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அப்படித்தான். அதைப் பயிற்சிக்கே பயன்படுத்துங்கள். உயரத் தூக்கும் உதையைத் தடை செய்து, கீப்பர் கையால் உருட்டியோ பாஸாகவோ மட்டும் தொடங்கட்டும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள், எதிர்க்காற்றில் ஆடும் அணிக்குக் குறும்பாஸ் தவிர வழி இருக்காது. தலைக்கு மேல் வரும் பந்தைக் கணிப்பதை வேறு மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரிசல் மண்ணாக இருந்தால் ஐப்பசி மழையில் ஸ்டட்டோடு ஒரு கிலோ மண் ஏறும், கோடையில் வெடிப்பில் கணுக்கால் மாட்டும். ஆட்டத்துக்கு முன் களத்தை ஒருமுறை நடந்து வெடிப்பில் மண் நிரப்புங்கள். கோடு போட நீற்றிய சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். வெள்ளைக் கோலமாவு போதும்.

சேலம், தந்தை: எங்க பையன் ஸ்ட்ரைக்கர்தான் ஆடணும்னு சொல்றேன், கோச் பின்னால நிறுத்தறார்.

நிறுத்தட்டுங்க. 12 வயது வரை எல்லா இடத்திலும் ஆடினவன்தான் பிறகு எங்கேயும் ஆடுவான். கோவை நேரு மைதானத்தில் சென்னை சிட்டி 2019 மார்ச் 9-ந் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் கோப்பையை எடுத்த அன்று, அந்த சீசனில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி ஒன்றுதான் அடித்தார். மற்ற இரண்டும் பின்னால் ஆடும் கௌரவ் போராவின் கோல்.

கூடவே ஒன்று: கோட்டுக்கு வெளியே நின்று "அடிடா" என்று கத்துவது பையனுக்குக் கேட்கும், கோச்சின் குரல் கேட்காது.

கரூர், கிளப் நடத்துகிறவர்: வயசு ஏமாத்தற டீம்களை என்ன செய்யறது?

முதலில் உங்கள் பக்கத்தைச் சுத்தமாக வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் பதிவான தேதியைப் பாருங்கள். பிறந்து ஓராண்டுக்கு மேல் கழித்துப் பதிய அதிகாரியின் தனி உத்தரவு வேண்டும், ஆகவே பத்து வருடம் கழித்துப் பதிந்த சான்றிதழ் மேல்மட்டத்தில் கேள்வியைக் கிளப்பும். ஆதார் மட்டும் போதாது. பெரிய போட்டிகளில் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து டிடபிள்யூ 3 முறையில் எலும்பின் முதிர்ச்சியைக் கணிப்பார்கள். அதில் மாட்டினால் பையனின் ஆட்ட வாழ்க்கையும் சேர்ந்து போகும். இன்னொன்று, ஜனவரி 1 கணக்கில் பார்த்தால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. தேர்வு நாளில் பெரிய உடம்பு கண்ணில் படும். பட்டியலில் பிறந்த மாதத்தையும் எழுதி வைத்தால், வருட ஆரம்பத்தில் பிறந்தவர்களே நிறைந்திருப்பதைப் பார்த்து நீங்களே திடுக்கிடுவீர்கள்.

நாமக்கல், வேலை தேடுபவர்: லைசென்ஸ் இருந்தா பள்ளிக்கூடத்துல பி.டி. சார் ஆகலாமுங்களா?

ஆக முடியாது. உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கு பி.பி.எட். போன்ற படிப்பு வேண்டும். அரசுப் பயிற்சியாளர் பணிகளுக்குப் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயத்துக்கு மதிப்பு உண்டு, ஓராண்டு. லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு மாலை நேர அகாடமி, தனியார் பள்ளி ஒப்பந்தம், கிளப் என்றுதான் வழி. டர்ஃப், அதாவது செயற்கைப் புல் களம் எடுத்து நடத்தினால் கணக்கு இப்படி: மணிக்கு 1000 ரூபாய் வாடகை என்று வைத்தால், வாரம் மூணு நாள், நாளுக்கு ஒன்றரை மணி, மாதம் சுமார் 18,000. 20 பசங்க தலைக்கு 900 கொடுத்தால் வாடகைதான் கழியும், உங்களுக்கு ஒன்றுமில்லை. மண் களம் உள்ள பள்ளியோடு பேசி, அவர்களின் பசங்களுக்குக் காலையில் சொல்லிக்கொடுத்து மாலையில் களத்தை வாங்கிக்கொள்பவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள்.

பல்லடம், புதிதாகத் தொடங்குபவர்: என்னென்ன சாமான் வாங்கணும்?

பந்து அளவில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். 8 வயதுக்குள் 3-ம் நம்பர், அதிலிருந்து 12 வரை 4, பிறகு 5. எல்லாருக்கும் 5 வாங்கினால் சின்னவன் கட்டை விரலால் குத்தப் பழகுவான், அதைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. கோன் 30, காற்று பம்ப், ஊசி நாலு, முதலுதவிப் பெட்டி. நகரும் கோல் போஸ்ட்டின் பின்கம்பியில் மணல் மூட்டை வைக்காமல் ஒரு நாளும் பயிற்சி வேண்டாம். தொங்கி ஆடும் பிள்ளை மேல் அது சாயும்.

மார்ச் முதல் மே வரை நாலரைக்கு மேல்தான் தொடங்குங்கள், 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். பையன் உளறினால், தள்ளாடினால் நிழலில் படுக்க வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கூடவே 108-ஐ அழையுங்கள். குளிரவைப்பதுதான் முதலில், வண்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அணி பிரிக்கச் சட்டைக்கு மேல் போடும் பிப்புக்குக் கடைக்குப் போகாதீர்கள், பக்கத்திலேயே திருப்பூர் இருக்கிறது. வலைத்துணி பாலியெஸ்டரில் இரண்டு நிறம், நிறத்துக்குப் பத்து, அக்குள் அகலமாகத் தைக்கச் சொல்லுங்கள். பருத்தி வேர்வையை உறிஞ்சிக் கனத்துவிடும். பச்சை நிறம் வேண்டாம், புல்லில் கலந்துவிடும்.