சுரங்கம் தோண்டினால் மலையின் முழு எடையும் தாங்கு அமைப்பின் மீது இறங்குமா?

இறங்காது. இறங்கினால் எந்தக் கான்கிரீட்டும் தாங்காது.

தோண்டி எடுத்த பாறை சுமந்திருந்த அழுத்தம் விலகி, குழியைச் சுற்றி வளைவாகப் பரவுகிறது. எல்லாத் திசையிலும் சம அழுத்தமுள்ள உறுதியான பாறையில் வட்டமாக வெட்டினால், சுவரோரத்தில் சுற்றுவாட்டு அழுத்தம், அதாவது வட்டத்தின் வளைவை ஒட்டி ஓடும் அழுத்தம், முன்பிருந்ததைப்போல் 2 மடங்காகும். பாறை அதைத் தாங்கினால் தாங்கு அமைப்புக்கு வேலை குறைவு. தாங்காவிட்டால் நொறுங்கி உள்நோக்கி நகரும்.

வியப்பு என்னவென்றால், வெட்டுமுகம், அதாவது தோண்டிக்கொண்டிருக்கும் முன்சுவர், ஓரிடத்துக்கு வந்து சேரும் முன்பே அங்கே பாறையின் உள்நோக்கிய நகர்வு தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதற்குள் முடிந்திருக்கும். முகம் இரண்டு விட்டத் தொலைவு முன்னேறியபின் பெரும்பாலும் அடங்கிவிடும். எனவே சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. விறைப்பான தாங்கியை அவசரப்பட்டு வைத்தால் அது தேவையில்லாத சுமையை வாங்கிக்கொள்ளும். தாமதித்தால் தளர்ந்த பாறை தலையில் விழும். முதலில் மெல்லிய தெளிப்புக் கான்கிரீட்டும் பாறை ஆணிகளும் போட்டு, சுவர்கள் நெருங்குவதை அளந்துகொண்டே இருப்பது இதற்காகத்தான்.

ஆழமில்லாத மென்மண்ணில் இந்தப் பொறுமை ஆபத்து: மேலே கட்டடங்களோடு தரை அமிழும். அங்கே தாங்கு அமைப்பை அடிப்பகுதியும் சேர்த்து முழு வளையமாக உடனே மூடிவிட வேண்டும்.

சுரங்கத்துக்காக மேலிருந்து கீழே தோண்டும் செங்குத்துக் குழியில், வட்டச் சுவர் சுற்றியுள்ள மண்ணின் அமுக்கத்தாலேயே நிற்கும். மென்களிமண்ணில் என் கவலை எப்போதும் குழியின் அடிமண் மேலே பொங்குவதைப் பற்றித்தான்.