ஒரே வம்சாவளி, வேறு வேறு கால்கள்

அன்புள்ள சார்,

ஃப்ராங்கெல் என்ற பந்தயக் குதிரையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தகப்பன் கலிலியோ, தாய் கைண்ட், அவளுடைய தகப்பன் டேன்ஹில். கலிலியோவோடு டேன்ஹில் மகள்களைச் சேர்த்தால் நல்ல குட்டி வரும் என்பது பேர்போன சேர்க்கை. இப்போது வம்சாவளியைக் கொடுத்தால் கணினியே மதிப்பெண் போட்டுவிடுகிறது. இனி குதிரையை நேரில் நிறுத்திக் காலைப் பார்க்க என்ன தேவை? இன்னொன்று, சின்னப் பெண் குதிரையைப் பெரிய ஆண் குதிரையோடு சேர்த்தால் பிரசவம் சிக்கலாகாதா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டாவது கேள்வி சுலபமானது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். தகப்பன் பெரியது என்பதற்காகப் பிரசவத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1938ல் வால்டன், ஹாமண்ட் என்ற இருவர் கேம்பிரிட்ஜில் செய்த ஆய்வு இருக்கிறது. ஷயர் என்ற பிரம்மாண்டமான வண்டிக் குதிரையையும் ஷெட்லாண்ட் மட்டக் குதிரையையும் செயற்கைக் கருவூட்டல் மூலம் இரண்டு விதமாகவும் கலந்தார்கள். ஷயர் தாய்க்குப் பெரிய குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குச் சின்னக் குட்டி. தாயின் கருப்பை இடம் கொடுக்கும் அளவுக்குத்தான் குட்டி வளர்கிறது. பயம் வேண்டியது அதற்கப்புறம்தான். தகப்பனின் கனத்த உடம்பும் தாயின் மெல்லிய முன்னங்கால்களும் ஒரே குட்டியில் வந்துவிட்டால், அந்தக் கால் முழு வேகத்தில் எத்தனை நாள் தாங்கும்?

சரி, மதிப்பெண். இதன் மேல் எனக்குக் கோபமே உண்டு. கலிலியோவுக்குக் கொண்டுவரப்பட்ட டேன்ஹில் மகள்கள் யாருடையவை? கலிலியோவோடு சேர்ப்பதற்கான பெரிய கட்டணத்தைக் கொடுக்கக்கூடிய பண்ணைகள் பொறுக்கியெடுத்து அனுப்பிய பெண் குதிரைகள். அவை வேறு நல்ல ஆண் குதிரையிடம் போயிருந்தாலும் நல்ல குட்டி ஈன்றிருக்கும். ஜெயித்த குட்டிகளை மட்டும் எண்ணிவிட்டு, மொத்தம் எத்தனை பிறந்தன, அந்தத் தாய்களின் மற்ற குட்டிகள் என்ன செய்தன என்று பார்க்காமல் போடுகிற மதிப்பெண்ணை நான் நம்ப மாட்டேன்.

இத்தாலியில் ஃபெடரிகோ டெசியோ என்ற குதிரை வளர்ப்பாளர் தன் பெண் குதிரை நொகாராவுக்கு ஃபேர்வே என்ற ஆண் குதிரையைத்தான் தேடினார். அதற்கு அந்தப் பருவத்தில் இடமில்லை. அதன் உடன்பிறந்த அண்ணன் ஃபாரோஸிடம் அனுப்பினார். இரண்டும் ஒரே தாய், ஒரே தகப்பன். கணினி இருந்திருந்தால் ஒரே மதிப்பெண் போட்டிருக்கும். ஆனால் ஃபேர்வே உயரம், 1928ல் ஒன்றே முக்கால் மைல் தூரமுள்ள செயின்ட் லெஜர் பந்தயத்தை ஜெயித்தது. ஃபாரோஸ் குட்டையானது, கட்டுமஸ்தானது, அதன் பலம் பத்து ஃபர்லாங்குக்குள், அதாவது ஒன்றேகால் மைலுக்குள். ஃபாரோஸுக்கும் நொகாராவுக்கும் 1935ல் பிறந்ததுதான் நியார்கோ, 14 பந்தயம், 14 வெற்றி. நீங்கள் கேட்ட ஃப்ராங்கெலின் தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் வருகிற நார்தர்ன் டான்சர் அந்த நியார்கோவின் பேரன். ஃபேர்வேக்கு இடம் கிடைத்திருந்தால் என்ன பிறந்திருக்கும் என்று எந்த வம்சாவளியும் சொல்லாது.

மரபணுச் சோதனை ஓரளவு சொல்கிறது. மயோஸ்டாட்டின் என்ற மரபணுவை வைத்து, குறுகிய தூரமா, நெடுந்தூரமா என்று கணிக்கலாம் என்று 2010ல் அயர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் குறுந்தூர வகையாக உள்ள தாயையும், இரண்டும் நெடுந்தூர வகையாக உள்ள தகப்பனையும் சேர்த்தால் எல்லாக் குட்டியும் நடுத்தரம். பெற்றோர் இருவருமே நடுத்தரம் என்றால் மூன்று வகையும் பிறக்கலாம், ஒரே வம்சாவளியில்! ஆனால் அந்தச் சோதனையும் காலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

காலைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்னங்கால் முட்டி பின்னுக்கு வளைந்திருந்தால், ஓடும்போது முட்டியின் முன்பக்க எலும்புகள் நசுங்கிச் சில்லு பெயர வாய்ப்பு அதிகம். குறை இருப்பதாலேயே ஒரு குதிரையைத் தள்ள வேண்டியதில்லை. சியாட்டில் ஸ்லூவின் வலது முன்கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது, ஏலத்தில் 17,500 டாலருக்குப் போனது, 1977ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்தது. ஆனால் ஒரே குறை உள்ள இரண்டைச் சேர்க்காதீர்கள். வலி குட்டிக்கு.

மென்பொருளை விட்டுவிடச் சொல்லவில்லை, பத்துப் பெயராகக் குறைத்துக்கொள்ள அது போதும். அப்புறம் ஒரு வயதுக் குட்டிகளின் ஏலத்துக்குப் போய், அந்தப் பத்து ஆண் குதிரைகளின் குட்டிகளை வேறு வேறு தாய்களிடமிருந்து வந்தவையாகப் பார்த்து வரிசையாக நடக்கவிடச் சொல்லுங்கள். எல்லாக் குட்டியிலும் ஒரே முட்டி தெரிந்தால், அது தகப்பன் கொடுத்தது.