அடக்க வேண்டாம், ஆறட்டும்

கேள்வி: வசதி குறைந்த வீட்டுக் குழந்தைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தருகிறேன். அதில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன். கணக்கு தப்பானால் நோட்டைக் கிழிக்கிறான், பக்கத்தில் இருப்பவனை அடிக்கிறான். மூச்சை இழுத்துவிடச் சொன்னேன், சிரித்தான். போன வாரம் வெளியே நிற்க வைத்தேன். அதிலிருந்து என்னோடு பேசுவதே இல்லை. கோபத்தை அடக்க அவனுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? – ஒரு வாசகி

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் ‘அடக்க’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். கோபம் தணிவதை ‘ஆறுவது’ என்றும் சொல்வோம். சுடுநீர் ஆறும், புண் ஆறும், கோபமும் ஆறும். மூன்றுக்கும் நேரம் வேண்டும், யாரும் கிளறாமல் இருக்க வேண்டும். ‘ஆறுதல்’ என்கிறோமே, அதுவும் இதே குடும்பத்துச் சொல்தான். அந்தப் பையனிடம் அடக்கத்தை எதிர்பார்க்கிறீர்கள். அவனுக்கு இன்னும் ஆறவே தெரியாது.

அது அவன் குற்றமில்லை. உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மூளைப்பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுதாக முதிர 25 வயதை ஒட்டி ஆகிவிடும். அதுவரை குழந்தைகள் நிதானத்தைப் பெரியவர்களிடம் கடன் வாங்குகிறார்கள். அழும் கைக்குழந்தை தோளில் போட்டதும் அடங்குகிறதே, அதுதான் முதல் கடன். இப்படிப் பல வருடம் வாங்கி வாங்கித்தான் சொந்தமாக ஒரு சேமிப்பு உண்டாகிறது. நாள் முழுக்க உழைத்துவிட்டு, கடன்காரருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையோடு வீடு திரும்பும் அப்பா அம்மாவிடம் கொடுக்க நிதானம் மிச்சமிருக்காது. அன்பு குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை.

இன்னொன்றும் உண்டு. மங்கலாகத் தொடங்கி மெல்லத் தெளிவாகும் முகப் படங்களைக் குழந்தைகளிடம் காட்டி, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2002-ல் அது வெளியானது. அடிபட்டு வளர்ந்த குழந்தைகள், கோப முகத்தை மற்றவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் மாணவனின் வீட்டில் அடி உண்டா என்று எனக்குத் தெரியாது, ஊகிக்கவும் மாட்டேன். ஆனால் கணக்கைத் திருத்தும்போது உங்கள் நெற்றி லேசாகச் சுருங்கினாலே, அடுத்து என்ன வரப்போகிறதோ என்று அவன் தயாராகிவிடலாம். அவன் வாழும் இடத்தில் அந்த உஷார் அவனைக் காப்பாற்றியும் இருக்கலாம். அதைப் பிடுங்கிப் போட நினைக்காதீர்கள்.

சரி, அவன் கொந்தளிக்கும்போது என்ன செய்வது? ரொம்பக் குறைவாகச் செய்யுங்கள். அடிபடுகிற பிள்ளையை நகர்த்துங்கள். அவனுக்குப் பக்கத்தில், ஆனால் கை எட்டாத தூரத்தில் உட்காருங்கள். குரலைத் தாழ்த்தி, “அடிக்க விடமாட்டேன். இங்கேயேதான் இருக்கேன்” என்று சொன்னால் போதும். ஏன் செய்தாய், மன்னிப்புக் கேள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவன் காதில் ஏறாது. பெரியவர்கள் நமக்கே ஏறுவதில்லை.

அவன் ஆறிய பிறகுதான் பேச்சு. இங்கேதான் நிஜமான பாடம் இருக்கிறது. பல குழந்தைகளிடம் ‘கோபம்’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். அதற்குள் அவமானம், ஏமாற்றம், பயம், பொறாமை, ஏக்கம் எல்லாம் ஒளிந்திருக்கும். கணக்கு தப்பியதும் நோட்டைக் கிழிக்கிறவனுக்கு வந்தது கோபம்தானா? எனக்கென்னவோ, எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சம் என்றுதான் தோன்றுகிறது. “தப்பு வந்ததும் அசிங்கமா இருந்துச்சா?” என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று தலையாட்டினால் விட்டுவிடுங்கள். உணர்ச்சிக்குச் சரியான பெயர் கிடைக்கும்போதே அதன் வேகம் கொஞ்சம் குறைகிறது. அப்புறம், அவன் கணக்கை எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துபோகலாம். அவன் பசியோடும் தூக்கம் கெட்டும் வருகிறானா என்றும் பாருங்கள்.

மூச்சுப் பயிற்சி நல்லதுதான். இழுப்பதைவிட மெதுவாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணியும். ஆனால் கோபத்தின் நடுவில் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பையனும் சிரிக்கத்தான் செய்வான். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழக முடியுமா? எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் நேரத்தில், நீங்களும் சேர்ந்து, விளையாட்டாகச் செய்யுங்கள். அது பிடிக்காதவனுக்குச் சுவரை இரண்டு கையாலும் தள்ளுவது பிடிக்கலாம். நல்ல பிள்ளைக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டவணை மட்டும் வேண்டாம். நட்சத்திரம் வாங்காதவன் யார் என்பதுதான் அதில் பளிச்சென்று தெரியும்.

வெளியே நிற்க வைத்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள். “அன்னைக்கு உன்னை வெளியே அனுப்பினது சரியில்லை. எனக்கும் கோபம் வந்துடுச்சு” என்று தனியாகச் சொல்லுங்கள். பதிலை எதிர்பார்க்காதீர்கள். ஒரு பெரியவர் கோபப்பட்டு, ஆறி, திரும்பி வருவதை அவன் பார்க்க வேண்டும்.

அவன் உடம்பில் காயங்கள் தெரிந்தாலோ, வீட்டுக்குப் போகவே பயந்தாலோ இந்த யோசனைகள் போதாது. தனியாகச் சமாளிக்காமல் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் தெரிவித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு இனிப்பை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று குழந்தைகளிடம் சொல்லிப் பார்க்கும் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2013-ல் வெளியான ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில் அதற்கு முன் ஒரு வேலை செய்தார்கள். ஒரு பொருளைக் கொண்டுவருவதாக ஆய்வாளர் எல்லோரிடமும் சொன்னார். பாதிப் பேருக்குச் சொன்னபடியே கொண்டுவந்து கொடுத்தார், மீதிப் பேருக்கு ஏமாற்றம்தான். வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் காத்திருந்தது சுமார் 3 நிமிடம். அதனால் ஏதாவது ஒரு நாள் உங்களால் வகுப்புக்கு வர முடியாது என்றால், முந்தின நாளே அவனைக் கூப்பிட்டு, எந்த நாள் திரும்பி வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.